அப்பாவின் சுகரை யார் பார்ப்பது?

மாரடைப்புக்கு மதுரையில் ஸ்டென்ட் வைத்து அப்பாவை அருப்புக்கோட்டைக்கு அழைத்து வந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. விடியற்காலை நாலு மணிக்கு அம்மா எங்கள் அறைக் கதவைத் தட்டினார். "அப்பா என்னமோ மாதிரி பேசுறாரு, வந்து பாரு." போய்ப் பார்த்தால் பனியன் தொப்பலாக நனைந்திருக்கிறது. கடைச் சாவி எங்கே என்று கேட்கிறார். நூல் கடையை மூடி ஆறு வருஷம் ஆகிறது. என்னை அத்தை பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். மறுபடியும் மாரடைப்புதான் என்று எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நான் 108-க்குப் பேசிக்கொண்டிருந்தபோது என் கணவர் சுகர் மிஷினை எடுத்து விரலில் குத்திப் பார்த்தார். 43.

70-க்குக் கீழே இறங்கினாலே தாழ்சர்க்கரை. நல்லவேளையாக அப்பாவுக்கு நினைவு இருந்தது, விழுங்கவும் முடிந்தது. மூன்று ஸ்பூன் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தோம். கால் மணி நேரத்தில் 78 ஆயிற்று. என் பெயரைச் சொன்னார். ஆம்புலன்ஸில் வந்தவர்கள், "எதுக்கும் ஜி.ஹெச்.சுக்கு வந்துருங்க" என்றார்கள். போனது நல்லதாயிற்று. அங்கே படுக்க வைத்த ஒரு மணி நேரத்தில் சுகர் மறுபடியும் 52-க்கு இறங்கியது. அன்று முழுவதும் டிரிப்ஸ் ஓடியது.

ட்யூட்டியில் இருந்த இளம் டாக்டரம்மா, வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரைகளையும் கொண்டுவரச் சொன்னார். அப்பாவின் மஞ்சப்பையை அப்படியே எடுத்துப் போனோம். அவர் அட்டைகளை மேசையில் கொட்டி, ஒவ்வொன்றின் பின்புறத்தையும் திருப்பிச் சின்ன எழுத்தில் இருப்பதைப் படித்தார். இரண்டு அட்டைகளைத் தனியாக எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று பச்சை, ஒன்று ஊதா. "ரெண்டும் ஒரே மருந்தும்மா. கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்தது. கம்பெனி மட்டும்தான் வேற."

இது எப்படி நடந்தது என்று பிறகு உட்கார்ந்து யோசித்தேன். அப்பாவுக்கு 1998-லிருந்து சுகர். 24 வருடமாக எங்கள் ஊர் டாக்டர்தான் பார்த்தார். அவர் எழுதிய மாத்திரை பச்சை அட்டை. 2022 அக்டோபரில் மாரடைப்பு வந்தபோது மதுரை மருத்துவமனையில், அவர்கள் மருந்துக் கடையில் இருந்த ஊதா அட்டையைக் கொடுத்தார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியின் மருந்துப் பட்டியலில் ஊதா அட்டையின் பெயர் இருந்தது. அடுத்த பக்கத்தில் ஒரு வரி: பழைய சர்க்கரை மாத்திரைகளைத் தொடரவும். அப்பா சொன்னபடி கேட்பவர். பச்சையையும் விழுங்கினார், ஊதாவையும் விழுங்கினார். போதாததற்கு, மாரடைப்புக்குப் பிறகு நாங்கள் பத்தியம் என்று சாப்பாட்டைப் பாதியாகக் குறைத்திருந்தோம். கிளிமிபிரைடு, நாம் சோறு சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தைப் பிழிந்து இன்சுலினைச் சுரக்க வைக்கும் மருந்து. வயதானவர்களுக்கு, அதிலும் கிட்னி கொஞ்சம் தளர்ந்தவர்களுக்கு, அது உடம்பில் நெடுநேரம் தங்கும். குளுக்கோஸ் கொடுத்த பிறகும் சுகர் மறுபடி இறங்கியதற்குக் காரணம் அதுதான்.

இன்னொன்றும் அன்றுதான் தெரிந்தது. சுகர் இறங்கினால் படபடப்பு வரும், கை நடுங்கும் என்று எங்கள் ஊர் டாக்டர் முன்பே சொல்லித் தந்திருந்தார். அன்று இரண்டுமே இல்லை. மதுரையில் இதயத்துக்காகப் புதிதாகச் சேர்த்த மெட்டோப்ரோலால் (பீட்டா பிளாக்கர் என்ற வகை மாத்திரை) அந்த இரண்டையும் மறைத்துவிடக்கூடியது. வியர்வையை மட்டும் அது மறைக்காது. இந்த வகை மாத்திரை சாப்பிடுகிற சுகர்காரர் திடீரென்று வியர்த்து நனைந்தால், ஆள் தெளிவாக இருந்தாலும், உடனே குத்திப் பாருங்கள்.

யார் மேல் கோபப்படுவது? மதுரை டாக்டர்கள் அப்பாவின் உயிரைக் காப்பாற்றியவர்கள். ஊர் டாக்டருக்கோ அப்பா மதுரைக்குப் போனதே தெரியாது. தெரியாதபடி வைத்திருந்தது நாங்கள்தான். அந்தக் கூச்சத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நான் பார்த்த முக்கால்வாசிக் குடும்பங்களில் அது இருக்கிறது. இத்தனை வருடம் பார்த்தவரிடம் "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டோம்" என்று எப்படிச் சொல்வது, தன்மேல் நம்பிக்கை இல்லாமல் போனார்கள் என்று நினைத்துக்கொள்வாரோ என்ற கூச்சம். அதே போல, பெரிய ஆஸ்பத்திரியில் ஊர் டாக்டரின் சீட்டை நீட்டுவதற்கும் ஒரு தயக்கம். அவர்கள் முகம் சுளிப்பார்களோ என்று ஃபைலிலிருந்து எடுத்து வைத்துவிட்டுப் போகிறோம். இரண்டு பக்கமும் மறைத்து, நடுவில் நோயாளி ஒருவரை நிறுத்திவிடுகிறோம்.

ஜி.ஹெச்.சிலிருந்து வந்த மறுநாள் மாலை ஊர் டாக்டரிடம் போனோம். எனக்கு 44 வயது, பள்ளிக்கூடத்தில் டீச்சர். அவருக்கு இன்னும் பாப்பாதான். நடந்ததையெல்லாம் சொன்னேன். கோபப்படவில்லை. "ஸ்டென்ட் வைக்க நான் இங்க என்ன செய்ய முடியும் பாப்பா? போனது சரிதான். வந்த அன்னைக்கே இந்தப் பையை என்கிட்ட கொண்டு வந்திருந்தா இந்தக் கூத்து நடந்திருக்காது" என்றார். பிறகு அப்பாவைப் பார்த்து, "அண்ணாச்சி, இதயத்த அவங்க பாக்கட்டும். கண்ண கண் டாக்டர் பாக்கட்டும். ஆனா சுகர் மாத்திரையைக் கூட்டுறதும் குறைக்கிறதும் ஒரே ஆள் கையில இருக்கணும். அது நானா இருந்தாலும் சரி, மதுரையா இருந்தாலும் சரி. முடிவு பண்ணிக்கோங்க" என்றார்.

இந்த மூன்று வருடத்தில் நான் கற்றது எல்லாமே அந்தப் பேச்சின் விரிவுதான். அப்பா ஊர் டாக்டரையே தேர்ந்தெடுத்தார். பத்து நிமிட நடையில் இருப்பவர், ராத்திரி போனை எடுப்பவர். இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு 2023-இல் சொன்னது. அத்தனை பேரையும் நிபுணர்களே மாதாமாதம் பார்ப்பது நடக்கிற காரியம் இல்லை. நிபுணரிடம் கேள்வியோடு போய், பதிலோடு ஊர் டாக்டரிடம் திரும்பி வருவதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும்.

அந்தக் கேள்வியை எழுத்தில் கொண்டுபோக வேண்டும். இதுதான் எனக்குப் புதிதாக இருந்தது. அதுவரை நான் வாய்வழித் தூது போய்க்கொண்டிருந்தேன். "அவர் இப்படிச் சொன்னார்", "இவர் வேண்டாம்னு சொன்னார்" என்று நான் சொல்வதில் பாதி மறந்துபோகும், மீதி மாறிப்போகும். டாக்டர் தன் லெட்டர் பேடில் அரைப் பக்கம் எழுதினார். வயது 71, சுகர் 24 வருடம், ஸ்டென்ட் வைத்த தேதி, தாழ்சர்க்கரை வந்த தேதி, அளவு 43. இப்போது சாப்பிடும் மருந்துகள், கம்பெனிப் பெயர் இல்லாமல் மருந்தின் சொந்தப் பெயரில். கிட்னி தளர்ந்தால் ரத்தத்தில் கூடும் கழிவான க்ரியேட்டினின் 1.7, கிட்னி வேலை செய்யும் அளவைச் சொல்லும் ஈ.ஜி.எஃப்.ஆர். 42. கீழே இரண்டே கேள்வி. கிளிமிபிரைடை நிறுத்திவிட்டு, கிட்னி தளர்ந்திருந்தாலும் அளவைக் குறைக்கத் தேவையில்லாத லினாக்ளிப்டின் கொடுக்கலாமா? இவர் வயதுக்கு மூன்று மாத சராசரி சுகர் (எச்.பி.ஏ1சி) எவ்வளவு இருந்தால் போதும்?

மதுரையில் இதய டாக்டர் அதைப் படித்துவிட்டு, அதே மருத்துவமனையிலிருந்த சர்க்கரை நோய் நிபுணரிடம் அனுப்பினார். ஓ.பி.யில் நல்ல கூட்டம். எங்களுக்குக் கிடைத்தது ஐந்தாறு நிமிடம் இருக்கும். ஆனால் கேள்வி எழுத்தில் இருந்ததால் பதிலும் எழுத்தில் வந்தது. அதே காகிதத்தின் கீழே எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்திக் கொடுத்தார்: கிளிமிபிரைடை நிறுத்தலாம், லினாக்ளிப்டின் சரி, மெட்ஃபார்மின் 500 காலையும் இரவும் மட்டும், மூன்று மாத சுகர் 7.5 போதும், 7-க்குக் கீழே கொண்டுபோக முயல வேண்டாம்.

அந்தக் கடைசி வரி எங்கள் வீட்டுச் சண்டை ஒன்றை முடித்துவைத்தது. மூன்று மாத சுகர் 7-க்குள் இருக்க வேண்டும் என்று எங்கோ படித்து, அப்பாவின் சாப்பாட்டில் ஒவ்வொரு பிடியாகக் குறைத்துக்கொண்டிருந்தவள் நான். வயதானவருக்கு, இதய நோயும் கிட்னித் தளர்ச்சியும் உள்ளவருக்கு, ஒருமுறை தாழ்சர்க்கரையில் விழுந்து எழுந்தவருக்கு, இலக்கை டாக்டர்களே தளர்த்துவார்கள் என்பது எனக்குத் தெரியாது. இரண்டு டாக்டர்கள் இரண்டு எண்களைச் சொன்னால் இருவரில் ஒருவர் தவறு என்று நினைக்காதீர்கள். யாருக்காகச் சொன்னார், எதை மனதில் வைத்துச் சொன்னார் என்று கேளுங்கள்.

மெட்ஃபார்மின் விஷயத்தையும் கொஞ்சம் விளக்க வேண்டும். ஈ.ஜி.எஃப்.ஆர். 45-க்குக் கீழே போனால் அளவைக் குறைப்பார்கள், 30-க்குக் கீழே போனால் நிறுத்திவிடுவார்கள். பச்சையும் ஊதாவுமாக அப்பா நாளைக்கு 2,000 மில்லிகிராம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். க்ரியேட்டினின் 1.7 என்ற எண் மதுரை ரிப்போர்ட்டில் இருந்தது. மெட்ஃபார்மின் எத்தனை வேளை என்பது ஊர்ச் சீட்டில் இருந்தது. இரண்டு காகிதமும் ஒரே மேசைக்கு வந்ததே இல்லை.

இப்படி இரண்டு பேருக்கு நடுவில் விழுந்துபோனவை இன்னும் இருந்தன. கிட்னி கெடுவதைக் காட்டும், சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதத்தைப் பார்க்கும் பரிசோதனையை அப்பாவுக்குக் கடைசியாக எப்போது செய்தோம் என்று டாக்டர் தேடினார், எங்கள் ஃபைலில் எங்கேயும் இல்லை. பெரிய ஆஸ்பத்திரியில் எல்லாம் பார்த்திருப்பார்கள் என்று இவர் நினைக்க, 24 வருட சுகர் என்பதால் ஊரில் பார்த்திருப்பார்கள் என்று அவர்கள் நினைக்க, பரிசோதனை நடக்கவே இல்லை. காலைச் சிறுநீர் ஒரு சின்ன டப்பாவில் கொடுத்தால் போதும். 30-க்குள் இருக்க வேண்டியது அப்பாவுக்கு 186 இருந்தது. பொட்டாசியம் பார்த்துவிட்டு, பி.பி. மாத்திரையான டெல்மிசார்ட்டானின் அளவைக் கூட்டினார்கள். ஒரு வருடத்தில் 94-க்கு இறங்கியது. மூட்டு வலிக்கு அப்பா மெடிக்கலில் தானாக வாங்கிப் போட்டுக்கொண்டிருந்த டைக்ளோஃபினாக் மாத்திரையும் அன்றுதான் வெளியே வந்தது. கிட்னிக்குக் கெடுதி செய்யும் அந்த மாத்திரை எந்த டாக்டரின் சீட்டிலும் இல்லை. மஞ்சப்பையின் அடியில் கிடந்தது.

கண்ணும் அப்படித்தான். "எனக்கு நல்லாத் தெரியுதே" என்று அப்பா நாலு வருடமாகக் கண் பரிசோதனையைத் தள்ளிப்போட்டிருந்தார். விழித்திரை கெடத் தொடங்கும்போது பார்வையில் ஒன்றும் தெரியாது என்று டாக்டர் பிடிவாதமாகச் சொன்ன பிறகே கிளம்பினார். மதுரை அண்ணா நகரில் அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அழைத்துப்போனோம். டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளோடு தொடங்கியது இன்று எவ்வளவு பெரியதாக நிற்கிறது என்று பார்க்கும்போதே மனசுக்குத் தெம்பாக இருந்தது. சொட்டு மருந்து விட்டுக் கண் பாப்பாவை விரித்துப் பார்த்தார்கள். இடது கண்ணில் விழித்திரையின் நடுவில் லேசாக நீர் கோத்திருந்தது. கண்ணுக்குள் ஊசி போட்டார்கள், பார்வை பிழைத்தது. (சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் மங்கலாகத்தான் தெரியும். துணைக்கு ஆள் இல்லாமல் பஸ் ஏற்றிவிடாதீர்கள்.) அங்கே கொடுத்த சீட்டின் ஒரு பிரதியையும் ஊர் டாக்டரின் ஃபைலில் சேர்த்தோம்.

பாதத்தை ஊர் டாக்டரே பார்த்துவிடுகிறார். நரம்பு மாதிரி மெல்லிய நைலான் இழை ஒன்றைப் பாதத்தில் பத்து இடங்களில் வைத்து அழுத்தி, அப்பாவைக் கண்ணை மூடிக்கொண்டு தெரிகிறதா என்று சொல்லச் சொல்வார். வலது கட்டைவிரலில் தெரியவில்லை. அதன்பிறகு வீட்டுக்குள்ளும் செருப்பு.

இப்போது எங்கள் வீட்டில் ஒரே ஒரு தாள் உண்டு. நான்தான் எழுதுவேன், டாக்டர் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். ஒவ்வொரு மருந்துக்கும் மருந்தின் சொந்தப் பெயர், அளவு, எந்த வேளை, எதற்காக, யார் தொடங்கினார், எந்தத் தேதி என்று இருக்கும். நிறுத்திய மருந்தை அழிக்க மாட்டேன். கோடு போட்டு அடித்து, ஏன் நிறுத்தினோம் என்று பக்கத்தில் எழுதிவிடுவேன். கிளிமிபிரைடு என்ற வரி அடித்தபடி இன்னும் மேலேயே நிற்கிறது. பின்பக்கத்தில் தேதிவாரியாக மூன்று மாத சுகர், க்ரியேட்டினின், ஈ.ஜி.எஃப்.ஆர்., சிறுநீர் ஆல்புமின், எடை. கூடுமானவரை ஒரே லேபில்தான் எடுக்கிறோம், லேபுக்கு லேப் அளவு கொஞ்சம் மாறும் என்பதால். மருந்து மாறினால் புதுத் தாள், பழையது ஃபைலுக்கு. எங்கள் எல்லார் போனிலும் அதன் படம் இருக்கிறது.

"யார் தொடங்கினார், எதற்காக" என்ற இரண்டு கட்டங்களும் தேவையா என்று முதலில் எனக்குத் தோன்றியது. 2024-இல் அப்பாவுக்கு ஹெர்னியா ஆபரேஷன் வந்தபோது புரிந்தது. வேறொரு மருத்துவமனை. "என்னென்ன சுகர் மாத்திரை சாப்பிடுறீங்க?" என்று கேட்டார்கள். அப்பா இரண்டைச் சொன்னார். டப்பாக்ளிஃப்லோசினைச் சொல்லவில்லை. மதுரை இதய டாக்டர் இதயத்துக்காகத் தொடங்கியது, ஆகவே அப்பா கணக்கில் அது இதய மாத்திரை. உண்மையில் அது சுகருக்காகவே வந்த மருந்து, பிறகுதான் இதயத்துக்கும் கிட்னிக்கும் நல்லது என்று தெரிந்தது. ஆபரேஷனுக்குக் குறைந்தது மூன்று நாள் முன்னால் அதை நிறுத்தியாக வேண்டும். நிறுத்தாமல் பட்டினி கிடந்தால், சுகர் அளவு ஏறாமலேயே ரத்தத்தில் அமிலம் சேர்ந்து ஆபத்தில் கொண்டுவிடலாம். தாளைப் பார்த்த மயக்க மருந்து டாக்டர்தான் அதைக் கண்டுபிடித்து நிறுத்தச் சொன்னார். ரத்தம் உறையாமல் இருக்கிற மாத்திரைகளை என்ன செய்வது என்று அவரே முடிவெடுக்காமல், இதய டாக்டரிடம் எழுதி வாங்கி வரச் சொன்னார். ஆபரேஷன் முடிந்து எந்த மருந்தை எந்த நாளில் மறுபடி தொடங்குவது என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொண்டோம். நிறுத்தியது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், தொடங்குவதுதான் விட்டுப்போகும்.

அத்தை கதை வேறு விதம். அவருக்கு மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து மாத்திரை கொடுக்கிறார்கள். 2021-இல் தொடங்கிய திட்டம், தனியாக இருக்கும் அத்தை போன்றவர்களுக்குப் பெரிய ஆதரவு. ஜி.ஹெச்.சில் இன்சுலின் பாட்டிலும் வாங்குகிறார். இதற்கு நடுவில் சித்தப்பா மகன் ஒரு நிபுணரிடம் அழைத்துப்போக, அவர் பேனா இன்சுலின் எழுதினார். ஒருநாள் பேனா பழுதாகிவிட்டது. அத்தை பேனாவுக்குள் இருந்த குப்பியிலிருந்து பழைய சிரிஞ்சில் மருந்தை உறிஞ்சிக்கொண்டிருந்தார். நான் தற்செயலாக அங்கே போயிருந்தேன். அவர் பாட்டிலில் ஒரு மில்லிக்கு 40 யூனிட். பேனாக் குப்பியில் ஒரு மில்லிக்கு 100. சிவப்பு மூடி போட்ட சிரிஞ்ச் 40-க்கானது, ஆரஞ்சு மூடி போட்டது 100-க்கானது. சிவப்பு மூடி சிரிஞ்சில் குப்பி மருந்தை 20 கோடு எடுத்தால் உடம்புக்குள் போவது 50 யூனிட். அதைக் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தபோது என் கை நடுங்கியது. இரண்டு இடத்தில் இன்சுலின் வாங்குகிறவர் வீட்டில் இருந்தால், இன்றைக்கே பாட்டிலில் எழுதியிருக்கும் எண்ணையும் சிரிஞ்சின் மூடி நிறத்தையும் பாருங்கள்.

அத்தைக்கும் இப்போது ஒரு தாள் எழுதிக் கொடுத்திருக்கிறேன். மாத்திரை கொண்டுவரும் பெண் அதைப் பார்த்துவிட்டு, "இது ஏற்கனவே உங்ககிட்ட இருக்கேம்மா, டாக்டர்கிட்ட கேட்டுட்டுச் சாப்பிடுங்க" என்று ஒரு அட்டையைப் போன மாதம் தனியாக எடுத்து வைத்தாராம்.

பாகற்காய்ப் பொடி, வெந்தயப் பொடி, யாரோ கொடுத்த சூரணம் எல்லாமும் அந்தத் தாளில் வர வேண்டும். திட்டுவார்கள் என்று மறைப்பதில் பயனில்லை. எங்கள் டாக்டர் ஒருநாளும் திட்டியதில்லை. எவ்வளவு, எப்போது என்று கேட்டுக் குறித்துக்கொள்வார், அவ்வளவுதான்.

போன வாரம் அப்பாவை மதுரைக்கு அழைத்துப்போனேன். உள்ளே நுழைந்ததும் அங்கிருந்த புது டாக்டர், "ஊர் டாக்டர் லெட்டர் கொண்டு வந்திருக்கீங்களா ஐயா?" என்று கேட்டார். அப்பா மஞ்சப்பையிலிருந்து அவரே எடுத்துக் கொடுத்தார். கேள்வி ஒன்றுதான்: மெட்ஃபார்மின் இத்தனை வருடம் சாப்பிடுகிறார், காலில் மரமரப்பு கூடுகிறது, வைட்டமின் பி12 குறைந்திருக்கிறதா என்று பார்க்கலாமா? பார்க்கச் சொல்லி எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தார். மாட்டுத்தாவணியில் பஸ் ஏறி ஏழு மணிக்கு ஊர் டாக்டரின் கிளினிக்கில் இருந்தோம். ரத்தம் கொடுத்தாயிற்று, ரிப்போர்ட் வியாழக்கிழமை வரும்.